வலைபோட்டு அள்ளினாலும் மூன்றே வாரத்தில் குளம் மூடிவிடுவது ஏன்?

கேட்டவர் சொல்லியிருப்பது சுருக்கமாக இதுதான்: தோட்டத்தில் 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், முக்கால் மீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆழம் கொண்ட ஒரு சிறு குளம், அதில் பதினைந்து தங்கமீன்களும் இரண்டு அல்லித் தொட்டிகளும் இருக்கின்றன, போன ஆண்டிலிருந்து நீர்ப்பரப்பில் பச்சைப் பொட்டுகளாக ஒரு களை படர்கிறது, ஒரு நாள் முழுக்க நின்று வலையால் அள்ளினாலும் மூன்று வாரத்தில் பழையபடி மூடிவிடுகிறது, மீனுக்குக் கெடுதல் இல்லாமல் அதை அடியோடு கொல்ல என்ன மருந்து ஊற்றலாம்? கேள்வி மருந்தைப் பற்றியதாக இருந்தாலும் உங்களை உண்மையில் வருத்துவது அந்த மூன்று வாரம்தான் என்று நினைக்கிறேன். அது ஏன் மூன்று வாரமாக இருக்கிறது என்பது புரிந்துவிட்டால், மருந்து ஏன் வேண்டாம் என்பதும் தானாகவே புரிந்துவிடும். பதினெட்டு ஆண்டுகளாகத் தோட்டக் குளங்களை அமைப்பதும் பராமரிப்பதுமே என் தொழில்; கீழே எழுதுவதில் பெரும்பகுதி அதிலிருந்து கற்றது, கொஞ்சம் தவறு செய்து கற்றது.

உங்கள் குளத்தை நான் நேரில் பார்க்கவில்லை. பச்சைப் பொட்டுகள் என்ற வருணனையை மட்டும் வைத்துக் களையின் பெயரைச் சொல்லிவிடுவது சரியல்ல. ஆனால் பெயரைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடிகூட வேண்டியதில்லை. விரல் நுனியால் ஒன்றைத் தொட்டு எடுத்துத் திருப்பிப் பாருங்கள். இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர் அளவுள்ள முட்டை வடிவ இலையும், அடியில் நூல்போல ஒரே ஒரு வேரும் இருந்தால் அது லெம்னா. இலை சற்றுப் பெரிதாக, அடிப்புறம் ஊதா நிறமாக, பல வேர்கள் கொத்தாகத் தொங்கினால் அது ஸ்பைரோடெலா. வேரே இல்லாமல் மணல் துகள்போல விரலில் ஒட்டிக்கொண்டால் அது வுல்ஃபியா. பூக்கும் தாவரங்களிலேயே மிகச் சிறியது அதுதான். செதில் செதிலாக அடுக்கிய இலைகளோடு, கடும் வெயிலிலோ குளிரிலோ செம்மை படர்ந்தால் அசோலா. இலையின் மேல் மயிர்கள் அடர்ந்து, தெளித்த நீர் முத்துமுத்தாக உருண்டோடினால் சால்வினியா. இவை ஐந்தும் சிறியவை. பெரியவற்றில் ஒரு பெயர்க் குழப்பம் உண்டு: ஆகாயத்தாமரை என்ற பெயரைச் சிலர் ரோஜாப்பூவைப்போல இலை விரித்து மிதக்கும் பிஸ்டியாவுக்கும், வேறு சிலர் காம்பு ஊதிப் பருத்து இளம் ஊதாப்பூ பூக்கும் வெங்காயத்தாமரைக்கும் வைத்திருக்கிறார்கள். அவை இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள். உங்கள் குளத்தில் இருப்பது பெரும்பாலும் லெம்னாவாகவே இருக்கும் என்று வைத்துக்கொண்டு தொடர்கிறேன். மற்றவற்றில் எது மாறும் என்பதை ஆங்காங்கே சொல்கிறேன்.

இப்போது அந்த மூன்று வாரக் கணக்கு. வெயிலும் சத்தும் போதிய அளவு கிடைக்கும்போது லெம்னா இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகும். பூத்து விதை விட்டுப் பெருகுவது அதற்கு அரிது. ஒவ்வோர் இலையும் தன் விளிம்பிலிருந்தே புது இலையைத் தள்ளி விடுகிறது. நீங்கள் நாள் முழுக்க அள்ளி, நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கை எடுத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். மீந்த ஒரு பங்கு இரண்டாகி, நான்காகி, எட்டாகி, ஏறத்தாழ ஏழாவது இரட்டிப்பில் நூறைத் தொட்டுவிடும். மூன்று நாளுக்கு ஓர் இரட்டிப்பு என்றால் அது இருபது, இருபத்தொரு நாள். நீங்கள் கண்ட மூன்று வாரம் இதுதான். இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: பாதிக் குளம் மூடியிருப்பதைப் பார்த்து "இன்னும் பாதி இருக்கிறதே, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று விட்டுவிட்டால், மூன்றாம் நாளே முழுக்க மூடிக்கொள்ளும்.

ஆகவே வலை பயனற்றது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். வலை சரியான கருவி, வீசும் தாளம்தான் தவறு. மூன்று நாளில் இரட்டிப்பாகும் களை ஒரு நாளில் கால்பங்குக்குச் சற்று மேல் வளர்கிறது. அதாவது, அன்றன்று இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தினமும் எடுத்துக்கொண்டே வந்தால் அது குறைந்துதான் ஆகவேண்டும். தினமும் பாதியை எடுத்தால் பத்து நாளில் நூற்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மாதத்துக்கு ஒரு முறை எட்டு மணி நேரம் நிற்பதைவிடத் தினமும் பத்து நிமிடம் நிற்பது பல மடங்கு பலன் தரும். முதலில் ஒரு பெரிய அள்ளல், அதற்கு மறுநாளிலிருந்தே பத்துப் பதினைந்து நாள் விடாமல் சிறு அள்ளல் என்று வைத்துக்கொண்டால், கடைசியில் மிஞ்சுவது உள்ளங்கை அகலம்கூட இருக்காது. அந்த நிலையில் வலையைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே பொறுக்கலாம்.

அள்ளும் விதத்திலும் ஒரு பக்குவம் இருக்கிறது. காற்று அடிக்கும் நாளில் களை முழுவதும் ஒரு கரையில் ஒதுங்கிக் கிடக்கும்; அந்த நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். குளத்தின் அகலத்துக்குச் சமமான ஒரு மரச்சட்டத்தை மிதக்கவிட்டு, இருவர் இரு கரையிலும் நின்று, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக இழுத்து வாருங்கள். மெதுவாக என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். அவசரப்பட்டு இழுத்தால் இலைகள் சட்டத்துக்கு அடியில் முங்கிப் பின்னால் போய் எழும். நீங்கள் கரை சேரும்போது பாதிக் களை நீங்கள் புறப்பட்ட இடத்தில் மிதந்துகொண்டிருக்கும். ஒரு மூலையில் திரண்டதை மீன்வலையால் அள்ளினால் கண்ணி வழியாக ஒழுகிவிடும். வளையத்தில் கொசுவலைத் துணியைக் கட்டிக்கொண்டால் ஒழுகாது. வுல்ஃபியாவாக இருந்தால் அதைவிட நெருக்கமான துணி தேவைப்படும். வெங்காயத்தாமரைக்கும் பிஸ்டியாவுக்கும் வலையே வேண்டாம், கையால் தூக்கி எடுத்துவிடலாம். ஆனால் தாய்ச் செடியையும் குட்டியையும் இணைக்கும் தண்டு அறுந்து, குட்டி மட்டும் அல்லி இலைக்கு அடியில் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெங்காயத்தாமரை விதையும் இடும். சேற்றில் புதைந்த விதை பல ஆண்டுகள் உயிரோடிருக்கும் என்பதால், பூத்துக் காய்க்கும் முன்பே எடுத்துவிடுவது நல்லது.

இத்தனையும் வளர்ச்சியைப் பற்றியது. அந்த வளர்ச்சிக்குத் தீனி எங்கிருந்து வருகிறது என்பதுதான் இதைவிட முக்கியமான கேள்வி. மிதக்கும் களைக்கு வெளிச்சத்துக்கோ கரிமில வாயுவுக்கோ பஞ்சமே இல்லை. அவை நீருக்கு மேல் தாராளமாக இருக்கின்றன. அதைக் கட்டுப்படுத்தக்கூடியவை நீரில் கரைந்துள்ள தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்)தான். அசோலா மட்டும் விதிவிலக்கு: அதன் இலைக் குழிகளில் குடியிருக்கும் நீலப்பச்சை நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுத்துவிடுவதால் தழைச்சத்துக் குறைவு அதைத் தடுக்காது, அதற்கு மணிச்சத்தைக் குறைத்தால்தான் வழி. மற்றவற்றுக்கும் மணிச்சத்தில் கை வைப்பதே பெரும்பாலும் பலன் தருகிறது.

இங்கே ஒரு நச்சு வட்டம் உருவாகிறது. களை நீரை மூடியதும் காற்றிலிருந்து நீருக்குள் ஆக்சிஜன் இறங்குவது குறைகிறது. உள்ளே மூழ்கியிருக்கும் செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்காமல் அவை ஆக்சிஜன் விடுவதை நிறுத்தி அழுகத் தொடங்குகின்றன. அடிச்சேற்றில் ஆக்சிஜன் இருக்கும் வரை இரும்போடு பிணைந்து கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்து, ஆக்சிஜன் தீர்ந்ததும் அந்தக் கட்டு அவிழ்ந்து நீரில் கரைகிறது. கரைந்தது நேராக மேலே மிதக்கும் களைக்கு உணவாகிறது. களை தன்னைத் தானே ஊட்டிக்கொள்வதாகத் தோன்றுவது இதனால்தான். குளம் முழுக்க மூடியிருக்கும்போது விடியற்காலையில் போய்ப் பாருங்கள். மீன்கள் களையை வாயால் விலக்கிக்கொண்டு மேற்பரப்பில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால், நீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கும் கீழே போய்விட்டது என்று ஊகிக்கலாம். இரவு முழுக்கச் சுவாசித்துத் தீர்த்தபின் விடியலில்தான் அது அடிமட்டத்தில் இருக்கும்.

உங்கள் குளத்துக்கு மணிச்சத்து வரும் முதல் வழி மீன் தீனி என்றே சந்தேகிக்கிறேன். ஒரு தோராயக் கணக்கைப் பாருங்கள். 35 சதவீதப் புரதம் கொண்ட 1 கிலோ தீனியில் 56 கிராம் தழைச்சத்து இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட மீன் தன் உடலில் சேர்ப்பது அரிது, மற்றது கழிவாக நீரில் சேர்கிறது. மறுபுறம், அள்ளி எடுத்த 10 கிலோ பச்சை லெம்னாவில் நீர் போக மிஞ்சும் உலர் எடை அரைக் கிலோதான். அதில் தழைச்சத்து இருபது கிராமுக்குச் சற்று மேலே, மணிச்சத்து மூன்று முதல் ஐந்து கிராம் வரை இருக்கும். ஆக, ஒரு கிலோ தீனியால் நீரில் சேர்ந்த தழைச்சத்தை வெளியேற்ற ஏறக்குறைய இரண்டு பெரிய வாளிக் களையை நீங்கள் அள்ளியாக வேண்டும். பதினைந்து தங்கமீன்களுக்கு ஒரு வேளை, இரண்டு மூன்று நிமிடத்தில் அவை தின்று தீர்க்கும் அளவு போதும்; மிஞ்சி மிதக்கிறதென்றால் அது மீனுக்குப் போட்ட தீனியல்ல, களைக்குப் போட்ட உரம். தீனியைக் குறைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: பசி உள்ள தங்கமீன் லெம்னாவை விரும்பித் தின்னும், வயிறு நிறைந்தது திரும்பிக்கூடப் பார்க்காது.

தீனிக்கு அடுத்தபடியாகப் புல்தரைக்கும் பூச்செடிக்கும் இடும் உரம் மழையோடு வழிந்து வருவது, இலையுதிர்வு, பல ஆண்டுகளாகச் சேர்ந்த அடிச்சேறு ஆகியவற்றைக் கவனியுங்கள். சேற்றை ஒரே மூச்சில் வாரினால் அடியில் தேங்கிய நச்சு வாயு கிளம்பி மீனுக்கு ஆபத்தாகும் என்பதால், வெயில் தணிந்த பருவத்தில், ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்கு என்று எடுங்கள். குழாய் நீரிலும் சில இடங்களில் குழாய் அரிப்பைத் தடுக்க பாஸ்பேட் சேர்க்கிறார்கள். முடிந்தவரை மழைநீரால் குளத்தை நிரப்புவது பாதுகாப்பு. பாஸ்பேட் பரிசோதனைப் பெட்டி வாங்கிப் பார்ப்பவர்கள் அடிக்கடி ஏமாறும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். குளம் முழுக்கக் களை இருக்கும்போது சோதித்தால் அளவு கிட்டத்தட்ட இல்லை என்றே காட்டும், ஏனெனில் சத்து முழுவதும் களையின் உடலுக்குள் இருக்கிறது. "நீர் சுத்தமாகத்தானே இருக்கிறது" என்று அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

மருந்துக்கு வருகிறேன். இந்தத் தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில், வாடிக்கையாளர் ஒருவரின் அவசரத்துக்கு இணங்கி, முழுக்க மூடியிருந்த ஒரு குளத்தில் ஒரே நாளில் களைக்கொல்லி தெளித்தேன். நல்ல கோடை. இரண்டு நாளில் களை பழுத்து மஞ்சளாகி அடியில் அமிழ்ந்தது, வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சி. நான்காம் நாள் விடியலில் அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லா மீன்களும் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. மருந்தின் நச்சைவிட, அத்தனை களையும் ஒரே சமயத்தில் அழுகியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 30 பாகை வெப்பத்தில் நீர் தன்னிடம் வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுதான். அழுகலைத் தின்னும் நுண்ணுயிர்கள் அதை ஓர் இரவில் தீர்த்துவிடும். அடுத்த மாதமே முன்னைவிட அடர்த்தியாகக் களை திரும்பியது. அதில் வியப்பில்லை: களை செத்ததே தவிரக் குளத்தைவிட்டு வெளியேறவில்லை, அது உண்ட சத்து முழுவதும் நீரிலேயே கரைந்து, பிழைத்துக் கிடந்த நாலைந்து இலைகளுக்கு விருந்தானது. அள்ளி எடுக்கும் ஒவ்வொரு வாளியோடும் சத்தும் வெளியே போகிறது, மருந்தில் அது நடப்பதில்லை. நான் மருந்தை மறுப்பதற்கு முதன்மையான காரணம் இதுதான். பெரிய ஏரிகளில், பயிற்சி பெற்றவர்கள் பகுதி பகுதியாகத் தெளிப்பது வேறு விஷயம். அதற்கும் பல நாடுகளில் தனி அனுமதி தேவைப்படுகிறது. 12 சதுர மீட்டர் குளத்துக்கு அது தேவையே இல்லை. மயில்துத்தம் போடச் சொல்பவர்களும் உண்டு. அது பாசியைக் கொல்லும். லெம்னாவைக் கொல்லும் அளவுக்குப் போட்டால், குறிப்பாக மென்னீரில், மீன் முதலில் போய்விடும். உப்பு, வினிகர் போன்ற கைவைத்தியங்களில் அல்லியும் சேர்ந்து கருகும்.

உயிர்வழிக் கட்டுப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சால்வினியாவையும் வெங்காயத்தாமரையையும் தின்னும் சிறு கூன்வண்டுகள் உண்மையிலேயே பெரும் வெற்றி கண்டவை. ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் 1980-ல் விடப்பட்ட வண்டுகள் ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் சால்வினியாவை அடக்கிவிட்டன. ஆனால் அது ஏரிக்குரிய முறை. வண்டுக்கு எப்போதும் கொஞ்சம் களை மிஞ்சியிருக்க வேண்டும்; தோட்டக் குளத்தில் நாம் எதிர்பார்ப்பதோ களையே இல்லாத நீர். புல் கெண்டை லெம்னாவை ஆவலோடு தின்னும் என்பது உறுதி. அதே ஆவலோடு உங்கள் மற்ற நீர்ச்செடிகளையும் தின்னும், ஒரு மீட்டருக்கு மேலும் வளரும், தின்றதில் பெரும்பகுதியைச் சத்தாகக் குளத்துக்கே திருப்பிக் கொடுக்கும். முக்கால் மீட்டர் ஆழக் குளத்தில் அந்த மீனை வளர்ப்பது மீனுக்குச் செய்யும் கொடுமை.

கடையில் விற்கும் மற்றப் பொருள்களில் எது எதற்கு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். புற ஊதா விளக்கு நீரில் கலந்திருக்கும் நுண்பாசியை அழிக்கும். மேலே மிதக்கும் செடி அந்த விளக்கைக் கடந்தே போவதில்லை. நீருக்கு நிறம் ஏற்றும் சாயம் அடியில் வளரும் செடிக்கு வெளிச்சத்தை மறைக்கும். மேலே மிதப்பதற்கு அதனால் ஒன்றுமில்லை, போட்டியாளர்கள் ஒழிந்ததில் லாபம்கூட. பார்லி வைக்கோல் பாசிக்காகச் சொல்லப்படுவது, அதிலும் பலன் ஒரு குளத்துக்கு ஒரு குளம் மாறுகிறது. சேற்றைத் தின்னும் நுண்ணுயிர்ப் பொடிகளைப் பல குளங்களில் போட்டுப் பார்த்திருக்கிறேன்; சிலவற்றில் சேறு குறைந்தது போலத் தோன்றியது, ஆனால் அதே சமயத்தில் காற்றூட்டும் கருவியும் ஓடிக்கொண்டிருந்ததால் பொடிக்குத்தான் பெருமை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. நம்பிப் பணம் போடலாம் என்று நான் சொல்வது ஒரு சிறு நீரேற்றிக்குத்தான். லெம்னா, அசோலா, வுல்ஃபியா மூன்றுக்கும் அசையும் நீர் ஆகாது. சிறு அருவியோ நீரூற்றோ மேற்பரப்பைச் சலசலக்க வைத்தால் களை ஓர் ஓரத்துக்கு ஒதுங்கும், ஆக்சிஜனும் ஏறும். ஒதுங்கும் ஓரத்தில் மேற்பரப்பு நீரை உறிஞ்சும் கூடை வைத்த வடிகட்டி ஒன்றைப் பொருத்திவிட்டால் தினசரி அள்ளல் வேலையில் பாதியை அது பார்த்துக்கொள்ளும். கூடையை இரண்டு நாளுக்கு ஒரு முறை காலி செய்ய வேண்டும். மறந்தால் நீரேற்றி அடைத்துக்கொள்ளும்.

களை போனதும் ஒரு வாரத்தில் நீர் பட்டாணிப் பச்சையாக மாறக்கூடும். பலர் இந்தக் கட்டத்தில் மனம் உடைந்துபோகிறார்கள். அதுவரை களை தின்றுகொண்டிருந்த சத்தும், புதிதாக உள்ளே விழும் வெயிலும் சேர்ந்து நுண்பாசியை எழுப்பிவிட்டன, அவ்வளவுதான். இதைத் தவிர்க்க, பெரிய அள்ளலுக்கு முன்பே கொடிப்பாசி, வாலிஸ்நேரியா போன்ற மூழ்கு செடிகளில் ஒன்றை நட்டு வையுங்கள். அல்லி இலைகள் பரப்பில் ஏறத்தாழ பாதியை மூடும் வரை வளர விடுங்கள். நிழலும் கிடைக்கும், சத்துக்குப் போட்டியும் கிடைக்கும். அதற்குள் பச்சை வந்துவிட்டாலும் நீரை முழுதாக மாற்ற வேண்டாம். செடிகள் வேரூன்றியதும் தெளிய ஆரம்பிக்கும்.

அள்ளியதைக் கரையிலேயே குவித்து வைப்பது எல்லோரும் செய்யும் தவறு. முதல் மழையில் அதன் சாறு முழுவதும் குளத்துக்குத் திரும்பிவிடும். சிறு பூச்சிகளும் நத்தைகளும் நீருக்குத் திரும்பட்டும் என்று வேண்டுமானால் சில மணி நேரம் ஒரு சல்லடைத் தட்டில் கரையோரம் வைத்திருந்து, பிறகு மக்கு உரக் குழிக்குக் கொண்டுபோய்விடுங்கள். காய்ந்த சருகோடு கலந்தால் நன்றாக மக்கும். எக்காரணம் கொண்டும் ஓடையிலோ ஆற்றிலோ கொட்ட வேண்டாம். வெங்காயத்தாமரை, பிஸ்டியா, சால்வினியா ஆகியவற்றை வளர்ப்பதும் விற்பதும் பல நாடுகளில் சட்டப்படியே தடை செய்யப்பட்டிருக்கிறது.

கடைசியாக, அதுவரை இல்லாத களை போன ஆண்டு எப்படி வந்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள். பறவையின் காலில் ஒட்டி வருவது உண்டு. ஆனால் நான் பார்த்த குளங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது வாங்கிவந்த நீர்ச்செடியோடு தொட்டியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு வந்ததுதான். அந்த அல்லித் தொட்டிகள் இரண்டும் எப்போது வந்தன என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இனி எந்தச் செடி வாங்கினாலும் நன்றாக அலசி, இரண்டு மூன்று வாரம் தனி வாளி நீரில் வைத்திருந்து, மேலே ஒரு பச்சைப் பொட்டுகூட எழவில்லை என்று உறுதியான பிறகு குளத்தில் இறக்குங்கள். அள்ளல் முடிந்த பின்னும் அல்லி இலையின் மடிப்பு, நீரேற்றிக் குழாயின் மறைவு, தொட்டி விளிம்பு ஆகிய இடங்களை வாரம் ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள். வலையையும் மறுபடி தொடும்முன் ஒரு நாள் வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள், ஏனெனில் அதன் மடிப்பில் ஈரத்தோடு ஒட்டியிருக்கும் ஓர் இலையே மறுபடி எல்லாவற்றையும் தொடங்கிவைக்கப் போதும்.